ஆடுபானின் பறவைகளை ஹாலில் மாட்டுவதற்கு முன்

சுங்கை ஆராவில் புதுவீடு குடிபோகும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: ஹாலில் மாட்ட, அமெரிக்கப் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஆடுபானின் ஓவியங்கள் நான்கு வேண்டும். இணையத்தில் ஒருவர் "முழுக்கக் கையால் வரைந்தது, கேன்வாஸில் ஆயில் பெயிண்ட்" என்று விற்கிறார். அச்சுப் பிரதியைவிடப் பல மடங்கு விலை. வாங்கலாமா? பினாங்கு ஈரத்துக்குத் தாங்குமா? தேர்ந்தெடுத்த நான்கில் ஒன்று பனி ஆந்தை, அது வேண்டாம் என்று மாமியார் சொல்கிறார், என்ன செய்வது?

கையால் வரைந்த பிரதி வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் கேன்வாஸில் ஆயில் வேண்டாம். காகிதத்தில், நீர்வண்ணத்திலோ குவாஷ் என்னும் ஒளிபுகாத நீர்வண்ணத்திலோ வரைந்து கேளுங்கள். நான்கு வாங்கும் காசில் ஒன்றோ இரண்டோ நல்லதாக வாங்குங்கள். அதில் ஒன்றாவது நம் பக்கத்துப் பறவையாக இருந்தால் இன்னும் நல்லது. ஆந்தை விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. என் காரணம் மட்டும் வேறு, பின்னால் சொல்கிறேன். நான் நீர்வண்ண வகுப்பு எடுக்கிறேன், பிரதி ஓவியம் விற்பதில்லை. அதனால் விலை பேசும் அவசியம் எனக்கு இல்லை.

ஏன் ஆயில் வேண்டாம் என்பதற்கு, இந்தப் படங்கள் எப்படிப் பிறந்தன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1785இல் இன்றைய ஹைட்டியில் பிறந்தவர். அமெரிக்காவில் சுற்றித் திரிந்து, பறவைகளைச் சுட்டு, செத்த உடம்பைக் கம்பியால் நிமிர்த்தி, கட்டம் போட்ட பலகையில் நிறுத்தி வைத்து வரைந்தார். நீர்வண்ணம், பாஸ்டல், பென்சில் என்று கைக்கு வந்ததை எல்லாம் கலந்து வரைந்த அந்த மூலங்கள் காகிதத்தில் உள்ளவை. அவர் இறந்தபின் மனைவி லூசியிடமிருந்து 1863இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் வாங்கியது, இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

உலகம் ஆடுபான் என்று சொல்வது பெரும்பாலும் அந்த மூலங்களை அல்ல. 1827 முதல் 1838 வரை தவணை தவணையாக வெளிவந்த 'அமெரிக்கப் பறவைகள்' தொகுப்பின் 435 அச்சுப் படங்களைத்தான். செப்புத் தகட்டில் செதுக்கி, கறுப்புக் கோட்டில் அச்சிட்டு, பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஆட்கள் உட்கார்ந்து கையால் நீர்வண்ணம் தீட்டினார்கள். முதல் பத்துத் தகடுகள் எடின்பரோவில் லிசார்ஸ் பட்டறையில் தொடங்கின. அங்கே வண்ணம் தீட்டுபவர்கள் வேலைநிறுத்தம் செய்யவே, வேலை லண்டனில் ராபர்ட் ஹாவெல் பட்டறைக்குப் போனது. மாதிரித் தாள் ஒன்றை நடுவில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஆணும் பெண்ணுமாகப் பலர் தீட்டுவார்கள். ஒரு தொகுப்பில் இருக்கும் பச்சை இன்னொரு தொகுப்பில் அப்படியே இருக்காது. முழுத் தொகுப்புகள் இன்று சுமார் 120தான் மிச்சம். அதில் ஒன்று 2010இல் லண்டன் சோதபி ஏலத்தில் 70 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

ஆக, கோடிக்கணக்கில் விலை போகிற அந்தத் தொகுப்பின் தாளே, கூலிக்கு வந்த ஒருவர் மாதிரியைப் பார்த்துத் தீட்டியதுதான். மூலத்திலேயே கூட ஆடுபான் ஒருவரின் கை மட்டும் இல்லை. பதின்வயதுப் பையன் ஜோசப் மேசன் கிளைகளையும் பூக்களையும் வரைந்தான். ஜார்ஜ் லேமன் பின்னணி நிலக்காட்சி வரைந்தார். மரியா மார்ட்டின் என்ற பெண் செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் உதவினார். "பிரதிதானே, அசல் இல்லையே" என்று உங்கள் வீட்டுக்கு வரும் யாராவது உதட்டைப் பிதுக்கினால் இதைச் சொல்லுங்கள். கையால் பிரதி எடுப்பது இந்தப் படங்களுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை.

அப்படியானால் ஒரு நல்ல பிரதியில் எதைப் பார்க்க வேண்டும்? என் கணக்கில் முதலில் வெள்ளை. நீர்வண்ணத்தில் வெளிச்சம் காகிதத்திலிருந்து வருகிறது. வண்ணம் மெல்லிய படலமாக மேலே நிற்கும், அதற்குள் புகுந்த ஒளி தாளில் பட்டுத் திரும்பி வரும். ஆடுபானின் பூநாரையைச் சுற்றி இருக்கும் பெரிய வெற்றிடமும், ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட பறவைப் படங்கள் பலவற்றில் பின்னணியை வெறுமையாக விட்டிருப்பதும், அந்தத் தாள் வெள்ளையை நம்பிச் செய்தவை. ஆயிலில் அந்த வெற்றிடத்தையும் வெள்ளைப் பெயிண்டால் நிரப்ப வேண்டும். கேன்வாஸின் நெசவு மேலே தெரியும், காலப்போக்கில் எண்ணெய் மஞ்சளிக்கும். இறகின் மயிரிழைக் கோடுகள் நெசவுப் பள்ளங்களில் விழுந்து தடிக்கும். முடிவில் பறவை கனத்துவிடும். ஆயில் மோசமான ஊடகம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் படங்களுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் கேன்வாஸ் ஆயில் மலிந்து கிடப்பதற்குக் காரணம் வியாபாரம். சீனாவில் ஷென்சென் பக்கம் டாஃபென் என்ற ஊர் 1989 தொடங்கி ஆயில் பிரதிகளுக்கே பேர்போனது. வான்கோ முதல் மோனே வரை எதைக் கேட்டாலும் வரைந்து, சுருட்டி, குழாயில் போட்டு அனுப்புவார்கள். கைதேர்ந்தவர்கள் அங்கே நிறைய உண்டு. ஆனால் அந்தப் பயிற்சி வேறு. வான்கோவின் தூரிகை வீச்சுக்குப் பழகிய கை, மீன்கொத்தியின் முதுகில் இருக்கும் நுண்ணிய நீலத்தைப் போட வரும்போது இறகுகளை மீன்செதில் போல வரிசையாக அடுக்கிவிடும். தூரத்தில் பார்த்தால் பறவை, பக்கத்தில் போனால் செதில்.

இறகை எப்படிப் பார்ப்பது என்று ஒரு மீன்கொத்தியை வைத்தே சொல்கிறேன். மடித்த சிறகில் மூன்று அடுக்கு தெரிய வேண்டும். தோளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன மூடிறகுகள், அதற்குக் கீழே கொஞ்சம் பெரியவை, அதற்கும் கீழே நீண்ட பறக்கும் இறகுகள். பறக்கும் இறகு ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக ஏறி உட்கார்ந்திருக்கும், நுனிகள் வாலின் தொடக்கத்தை நோக்கிக் குவியும். அடுக்கு மாறும் இடத்தில் இறகின் அளவும் மாறாமல் ஒரே சீராக இருந்தால், வரைந்தவர் பறவையைப் புரிந்துகொள்ளாமல் கோட்டை மட்டும் பின்தொடர்ந்திருக்கிறார். அடுத்தது கண். கண்மணியில் வெளிச்சப் புள்ளி ஒன்று, கண்ணைச் சுற்றி மெல்லிய வளையம், அலகின் வாய்க்கோட்டை நீட்டினால் அது கண்ணுக்குச் சற்றுக் கீழே போகும். இந்த ஒன்று தப்பினாலே பறவைக்குப் பொம்மை முகம் வந்துவிடும். மூன்றாவது கால். கிளையைப் பிடித்திருக்கிறதா, கிளைமேல் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறதா? விரல்கள் வளைந்து மரப்பட்டையில் நிழல் விழுந்திருந்தால் சரி.

இனி ஏமாற்று வேலை. "கையால் வரைந்தது" என்று வருவதில் பலவற்றின் அடியில் இருப்பது இங்க்ஜெட் அச்சு. கேன்வாஸில் அச்சடித்து, மேலே கண்ணாடி மாதிரித் தெளிவான ஜெல்லைத் தூரிகையால் இழுத்து விடுவார்கள். தடவினால் மேடுபள்ளம் தட்டும். ஆனால் தூரிகைத் தடம் ஒரு திசையில் போகும், வண்ணத்தின் எல்லை வேறு திசையில் போகும். நிஜமாக வரைந்ததில் இவை இரண்டும் ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் வண்ணத்தை வைத்ததே அந்தத் தூரிகைதான். கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அச்சில் நுண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். நீர்வண்ணத்தில் புள்ளி இருக்காது. வண்ணம் காய்ந்த இடத்தின் ஓரத்தில் மெல்லிய கரைக்கோடு நிற்கும், தாளின் குழிகளில் நிறத்துகள் தங்கியிருக்கும், சில இடங்களில் கீழே பென்சில் கோடு தெரியும். அந்தப் பென்சில் கோட்டைக் குறையாக நினைக்காதீர்கள், அது சாட்சி.

நேரில் பார்க்க முடியாவிட்டால் விற்பவரிடம் இரண்டு கேளுங்கள். பாதி வரைந்த நிலையில் எடுத்த ஒரு படம், முடிந்த ஓவியத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து எடுத்த ஒரு சின்ன வீடியோ. உண்மையாக வரைபவர்கள் பெருமையோடு அனுப்புவார்கள். மற்றவர்கள் "கம்பெனி விதி" என்பார்கள்.

சரி, எந்தப் பறவை? ஆடுபானிடமிருந்து ஒன்று என்றால் பூநாரை, 431ஆவது தகடு. எல்லாரும் வைத்திருப்பதுதான், தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் படத்தில் ஒரு சங்கடத்தை அவர் அழகாக்கியிருக்கிறார். எல்லாப் பறவையையும் உயிரளவில் வரைவேன் என்று பிடிவாதம் பிடித்தவர் ஆடுபான். அன்று கிடைத்த மிகப் பெரிய தாள் சுமார் 99க்கு 66 சென்டிமீட்டர். நெட்டைக்கால் பூநாரை அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. அதனால் கழுத்தை வளைத்துத் தண்ணீரை நோக்கித் தாழ்த்திவிட்டார். 211ஆவது தகட்டில் பெரிய நீல நாரைக்கும் அதே கதிதான். அந்த வளைவுகள்தாம் இன்று நாம் ரசிப்பவை. இதனாலேயே பூநாரையை ஏ4 அளவுக்குச் சுருக்கி வாங்காதீர்கள். பெரிதாக வைக்க இடம் இல்லையென்றால் வேறு படம் பாருங்கள்.

ஆடுபானில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம், ரத்தம். நிறையப் படங்களில் ஒரு பறவை இன்னொன்றைக் கிழித்துக்கொண்டிருக்கும். பொன்னிறக் கழுகின் நகம் முயலில் புதைந்திருக்கும், வல்லூறுகள் வாத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கும், பாடும் பறவைக் கூட்டை விரியன் பாம்பு தாக்கும். இணையத்தின் சின்னப் படத்தில் இது கண்ணில் படாது. சாப்பாட்டு மேசைக்கு எதிரே பெரிதாக மாட்டிய பிறகுதான் தெரியும். வாங்கும் முன் முழு அளவில் பாருங்கள். அமெரிக்க ஆடுபான் சங்கம் 435 தகடுகளையும் உயர்ந்த தரத்தில் இலவசமாகத் தரவிறக்க விட்டிருக்கிறது.

ஆந்தைக்கு வருவோம். ஆந்தை அபசகுனமா இல்லையா என்று மருமகளுக்கும் மாமியாருக்கும் இடையில் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. லட்சுமிக்கு ஆந்தை வாகனம் என்று வடக்கே வைத்துக் கும்பிடுகிறார்கள் என்பதை வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். என் ஆட்சேபணை ஓவியம் சார்ந்தது. பனி ஆந்தைப் படம், 121ஆவது தகடு, இருண்ட வானத்துக்கு எதிரே இரண்டு வெள்ளைப் பறவைகள். தொகுப்பில் அபூர்வமான இரவுக் காட்சி. அந்தக் கருமையை ஹாவெலின் தகடு, செம்பை அமிலத்தால் பொடிப்பொடியாக அரித்து எடுக்கும் நுண்மணிச் சாயலில் கொண்டுவந்தது. பிரதி எடுப்பவர்கள் கறுப்பை அப்பி விடுவார்கள், வானம் தார் பூசியது போலாகிவிடும். தாமான் குடியிருப்பு வீட்டு ஹால்களில் முன்பக்கம் மட்டும்தான் வெளிச்சம், உள்சுவரில் அந்தப் படம் பகலிலும் இருட்டாகவே இருக்கும். ஆக, மாமியார் சொல்வதைக் கேட்டுவிடுங்கள், புண்ணியமும் கிடைக்கும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆடுபான் மனிதர்களை அடிமைகளாக வாங்கி விற்றவர். இதற்காக அமெரிக்காவில் சில பறவைச் சங்கங்கள் அவர் பெயரையே எடுத்துவிட்டன. தேசிய ஆடுபான் சங்கம் 2023இல் பெயரை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தது. வெண்கொக்கு ஒன்று நிற்கும் 242ஆவது தகட்டின் பின்னணியில் லேமன் வரைந்திருப்பது தென் கரோலினா நெல் தோட்டம். அந்த வயல்கள் அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை. தோட்டத்து லயத்திலிருந்து வந்த குடும்பங்கள் நாம். அந்தப் படத்தை என்னால் வெறும் நிலக்காட்சியாகப் பார்க்க முடியவில்லை. உங்களுக்கு அப்படித் தோன்றாமலும் போகலாம், தெரிந்து வாங்குங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இதனால்தான் ஆடுபானோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன். நம் பக்கத்துக்கு நெருக்கமான பழைய பறவை ஓவியங்கள் ஏராளமாக இருக்கின்றன, யாரும் ஹாலில் மாட்டுவதில்லை.

முதலில் மலாக்கா. வில்லியம் ஃபார்குவார் 1803 முதல் 1818 வரை அங்கே ரெசிடென்டாக, அதாவது ஆங்கிலேய நிர்வாகியாக இருந்தவர், பிறகு சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட். மலாயாவின் செடிகொடி, விலங்கு, பறவைகளைச் சீன ஓவியர்களை வைத்து வரைய வைத்தார். 477 நீர்வண்ணப் படங்கள். வரைந்தவர்கள் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை என்பது வருத்தம். 1827இல் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சங்கத்துக்குக் கொடுத்தார், 1993இல் அது ஏலத்துக்கு வந்தபோது சிங்கப்பூர் பங்குத் தரகர் கோ கியோக் கிம் வாங்கித் தேசிய அருங்காட்சியகத்துக்கே தந்துவிட்டார். அந்த அருங்காட்சியகத்தின் வட்டக் கூடத்தில் இந்தப் படங்கள் அசைந்து நகரும் ஒளிக்காட்சியாகச் சில வருடங்கள் ஓடின. இந்த ஓவியங்களின் குணமே தனி. ஐரோப்பியர் கேட்டது அறிவியல் படம், கொடுத்தவர் கை சீனப் பூ-பறவை ஓவியத்தில் பழகியது. இருவாட்சி கச்சிதமாக இருக்கும், அது உட்காரும் பாறையும் கிளையும் சீனச் சுருள் ஓவியத்திலிருந்து எழுந்து வந்ததுபோல் இருக்கும். பினாங்குச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பினாங்குக் கொடிமலையில் கறுப்பு-வெள்ளை இருவாட்சிகள் நிஜமாகவே பறக்கின்றன. விருந்தாளி கேட்டால் விரலை மலைப்பக்கம் காட்டலாம்.

அடுத்தது சென்னை. எலிசபெத் க்வில்லிம் என்ற அம்மாள், நீதிபதியின் மனைவி, 1801இல் மதராஸ் வந்தவர். பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்த பறவைகளைப் பார்த்து, உயிரளவில் வரைந்தார். ஆடுபானின் முதல் தகடு வருவதற்கு 20 வருடம் முன்பே. 1807இல் மதராஸிலேயே இறந்து கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கமானார். அவருடைய படங்கள் நூறு வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்து, 1920களில் லண்டனில் ஒரு பறவை ஆய்வாளர் கண்ணில் பட்டு, இன்று மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பறவை ஓவியங்கள் மட்டும் 121. கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், யாரும் பார்க்கலாம். ஆடுபானின் நாடகம் இவரிடம் இல்லை. பறவை சும்மா நிற்கும். ஆனால் கால் செதிலும் அலகின் வேரும் எவ்வளவு கவனமாக! பாட்டன் பாட்டி ஊரில் பார்த்த பறவை நம் வீட்டுச் சுவரில் இருப்பது, வேறெந்த ஆடுபானும் தராத ஒன்று.

கல்கத்தாவில் தலைமை நீதிபதியின் மனைவி இம்பே சீமாட்டிக்காக ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் மூவரும் 1777 முதல் சில வருடங்கள் வரைந்தவையும் உண்டு. முகலாயச் சிற்றோவியக் கை, ஆங்கிலேயர் தாள். அழகில் இவைதாம் எல்லாவற்றையும்விட மேல் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆனால் பிரதி எடுக்க மகா கஷ்டம், சாதாரணக் கையிடம் கொடுத்தால் பணம் வீண்.

கிளி பிடிக்கும் என்றால் எட்வர்ட் லியர். இருபது வயது நிரம்புவதற்குள் லண்டன் விலங்குத் தோட்டத்தில் உயிருள்ள கிளிகளுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்து, தானே கல்லச்சில் ஏற்றி, 1832க்குள் 42 படங்கள் வெளியிட்டவர். செத்த பறவையை வைத்து வரைந்த மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டால், லியரின் கிளிகளுக்கு மட்டும் குறும்பு இருக்கும். கூல்டின் 'ஆசியப் பறவைகள்' தொகுப்பில் ஆறுமணிக்குருவியின் மலாய் உறவினர்கள் பலர் கிடைப்பார்கள். அவருடைய தேன்சிட்டு மாதிரியான அமெரிக்க ஓசனிச்சிட்டுப் படங்களை மட்டும் விட்டுவிடுங்கள். தொண்டையின் மினுமினுப்புக்குத் தங்கரேக்கு ஒட்டி அதன்மேல் ஒளிபுகும் வண்ணம் பூசியிருக்கிறார்கள். கடை மினுக்குப் பெயிண்டில் அதைச் செய்தால் வாழ்த்து அட்டை போல ஆகிவிடும்.

உரிமைப் பிரச்சினை இல்லை. இவர்கள் எல்லாரும் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, மலேசியச் சட்டத்தில் ஓவியர் ஆயுளுக்குப் பின் 50 வருடம்தான் பதிப்புரிமை. வரைபவரைத் தன் பெயர், வருடம், எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்பதைப் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். தாளைத் தேநீரில் நனைத்துப் பழசாக்கித் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அது அலங்காரம் என்ற பெயரில் மோசடிக்கு முதல் படி. போதாததற்கு, தேநீரின் அமிலம் தாளைத் தின்றுவிடும். இதோடு சேர்ந்த இன்னொன்று: பழைய தாள் ஸ்கேனில் மஞ்சளாகத்தான் தெரியும். சில ஓவியர்கள் அந்த மஞ்சளையும் விசுவாசமாகப் பூசி வைப்பார்கள். வேண்டாம், தாளின் இயல்பு வெள்ளையை விட்டுவிடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பொருட்களைப் பற்றி. தாள் நூறு சதவீதம் பருத்தி, 300 ஜிஎஸ்எம், அமிலம் அற்றது. பறவைக்கு வழவழப்பான ஹாட் பிரஸ் தாள் நல்லது, சொரசொரப்பில் இறகுக்கோடு உடையும். வண்ணம் ஓவியர் தரமாக இருக்க வேண்டும், மாணவர் தரம் கூடாது. இளஞ்சிவப்பில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். பூநாரை, கரண்டிவாயன் எல்லாம் அந்த நிறத்தில்தான் நிற்கின்றன, ஒளியில் சீக்கிரம் வெளிறுவதும் அதுவே. பழைய கார்மைன் சிவப்பும் அலிசரின் கிரிம்சனும் வெளிச்சம் பட்டால் மங்கிப் போகும். கண்ணைப் பறிக்கும் ஓபரா பிங்க் அதைவிட மோசம். குவினாக்ரிடோன் ரோஸ் என்று டியூபில் போட்டிருந்தால், நிறமி எண் பிவி19 என்றிருந்தால், நிம்மதி. ஓவியரிடம் "பிங்குக்கு எந்த நிறமி போடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வந்தாலும், அவர் எவ்வளவு தூரம் யோசிப்பவர் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஈரம். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 65ஐத் தாண்டிய காற்று தொடர்ந்து இருந்தாலே தாளில் பூஞ்சைக்கு வசதி. நிறத்தைத் தாளில் ஒட்டவைக்க நீர்வண்ணத்தில் சேர்க்கும் கருவேலம் பிசின் அதற்குச் சாப்பாடு. பயப்பட வேண்டாம், ஃபிரேம் ஒழுங்காகச் செய்தால் தாங்கும். இங்கே காசை மிச்சம் பிடிப்பதுதான் ஆபத்து.

ஃபிரேம் கடையில் இப்படிச் சொல்லுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டக் கூடாது, நடுவில் அமிலமற்ற மவுண்ட் போர்டு வேண்டும். தாள் முழுவதையும் பசை போட்டு அட்டையில் ஒட்டக் கூடாது, மேல்விளிம்பில் மட்டும் தாள் கீல் வைத்துத் தொங்கவிட வேண்டும். ஈரத்துக்குத் தாள் விரியும், சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் அலை அலையாக உப்பும். பின்னால் ஹார்ட்போர்டு வேண்டாம், அதுவே அமிலம், கரையானுக்கும் விருந்து. ஓரங்களை டேப் போட்டு மூடச் சொல்லுங்கள், வெள்ளிப்பூச்சி நுழையாது. முன்பக்கம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக். கண்ணாடியைவிடக் கொஞ்சம் விலை கூடும், பெரிய படத்துக்கு எடையும் குறையும். கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொத்தான் ஒட்டினால் படம் சுவரைவிட்டு விலகி நிற்கும், பின்னால் காற்று ஓடும். சின்ன விஷயம், ஆனால் நம் ஊரில் படத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தப் பொத்தான்தான்.

மாட்டும் இடம்: மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம், குளியலறையோடு ஒட்டிய சுவரும் வேண்டாம். ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் இடமும் கூடாது. இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் காலையில் கதவைத் திறந்ததும் வியர்த்துவிடும். அப்புறம் நம் வீடுகளுக்கே உரியது ஒன்று, சாமி மேடை. விளக்கின் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் ஃபிரேமின் இடுக்கில் புகுந்து தாளில் படிந்தால் துடைத்து எடுக்க முடியாது. அந்தச் சுவரை விட்டு எதிர்ச்சுவருக்குப் போங்கள். மாடிப்படி ஓரச் சுவர் பெரும்பாலான தாமான் வீடுகளில் சும்மா கிடக்கிறது. நிழல், உலர்ந்த இடம், ஏறி இறங்கும்போது படத்தைப் பக்கத்தில் பார்க்கலாம். பறவைப் படத்துக்கு நான் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

ஆளைத் தேடுவது எப்படி? ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் நீர்வண்ணக்காரர்கள் கிடைப்பார்கள். கோலாலம்பூர் பக்கம் போனால் பசார் செனியை ஒட்டிய சந்தில் ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முகம் வரைபவர் பறவை வரைவார் என்று முடிவு கட்டாதீர்கள். செடி, பூச்சி, பழம் மாதிரி நுணுக்க ஓவியம் செய்பவரைக் கேளுங்கள். முழுப்படம் சொல்வதற்கு முன், தலையும் கழுத்தும் மட்டும் உள்ளங்கை அளவில் ஒரு மாதிரி வரைந்து தரச் சொல்லி, அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். இலவசமாகக் கேட்பது மரியாதை இல்லை. அந்த மாதிரியில் கண் பிழைத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிடித்திருந்தால் முன்பணம் பாதி, பென்சில் வரைவு முடிந்ததும் ஒரு தடவை பார்வை, மீதி கடைசியில். அவசரப்படுத்தாதீர்கள். ஒழுங்கான அரைத்தாள் பறவைக்கு வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் தருகிறேன் என்பவர் வரைவதில்லை, அச்சடிக்கிறார்.

உங்கள் பட்டியலை நான் திருத்தினால்: ஆந்தையையும் மற்ற மூன்றையும் எடுத்துவிட்டு, மாடிப்படிச் சுவருக்கு ஃபார்குவார் தொகுப்பிலிருந்து ஒரு இருவாட்சி. காசு மிச்சமிருந்தால் ஹாலுக்கு ஆடுபானின் பூநாரை, பெரிய அளவில், தனியாக. குடிபோகும் நாளுக்குள் இரண்டும் முடியாது. இருவாட்சியை முதலில் சொல்லுங்கள், பூநாரை தீபாவளிக்கு வரட்டும்.